வால் முளைத்த விளக்குகள்

லென்ஸ் அவளிடம் கடை வழியாக வந்தது, வீட்டு வழியாக அல்ல.

அண்ணனுடைய லென்ஸ். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் வைத்து, இதைக் கொஞ்சம் பார் என்று சொல்லியிருக்கலாம். அவன் பஸ் ஏறி வந்து, கேமராக் கடையின் முன்பக்கத்தில் வரிசையில் நின்று, சீட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அவள் வேலை பார்க்கிற பின்னறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளி பையைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார்.

“உங்க அண்ணன் குடுத்துட்டுப் போனாரும்மா. சீட்டைக்கூட என்னையே எழுதச் சொல்லிட்டாரு. கண்ணாடி எடுத்துட்டு வரலையாம்.”

சீட்டில் முதலாளியின் குண்டு எழுத்து. குறை என்ற இடத்தில், ‘ஃபோகஸ் சரியில்லை. எட்டு மாதமாகப் படம் மங்கல்’ என்றிருந்தது. திருப்பித் தரவேண்டிய நாள் வெள்ளி. அன்று புதன்.

மீதியை முதலாளி நின்றபடியே சொன்னார். அண்ணன் ஒரு நாளிதழில் விளையாட்டுப் படம் எடுக்கிறவன். அடுத்த மாதம் வெளியூரில் மூன்று வாரம் கால்பந்துப் போட்டி. இதற்கு முன் மூன்று முறையும் அவன்தான் போனான். இந்த முறை படப்பிரிவுத் தலைவர் யோசிக்கிறாராம். லென்ஸில் கோளாறு என்று கடை எழுதிக் கொடுத்தால், அலுவலக லென்ஸைக் கொடுத்து அவனையே அனுப்புவார்கள். லென்ஸ் சரியாக இருந்தால் வேறு ஆள் போவான். சனிக்கிழமை முடிவு.

“ஒரு வரி எழுதிக் குடுத்தா முடிஞ்சுது,” என்றார் முதலாளி. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சும்மா சொன்னேம்மா,” என்று முன்பக்கம் போய்விட்டார்.

ஒன்பது வருடமாக அவள் அந்த அறையில் லென்ஸ் பார்க்கிறாள். கைமாறுகிற லென்ஸ், கீழே விழுந்த லென்ஸ், சண்டையில் இருக்கிற லென்ஸ். எல்லாவற்றுக்கும் ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அந்தத் தாள் இருந்தால் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் உண்டு. முதலாளி அவளைக் காட்டி வாடிக்கையாளரிடம், எங்க அம்மா மாப்பிள்ளை பார்த்து எழுதிக் குடுத்துட்டாங்க, இனி உங்க பாடு என்பார்.

அவள் லென்ஸை வெளியே எடுத்தாள். எண்பதிலிருந்து இருநூறு மில்லிமீட்டர் வரை போகிற ஜூம். எந்த நீளத்தில் வைத்தாலும் வாய் 2.8 வரை அகலமாகத் திறக்கும். மங்கிய வெளிச்சத்தில் ஓடுகிறவனை நிறுத்திப் பிடிக்க அந்தத் திறப்பு வேண்டும். அதற்குக் கொடுக்கிற விலை கனம். ஆட்டோஃபோகஸ் கேமராவோடு சேர்த்துத் தூக்கினால் பிறந்த குழந்தையின் எடை. மைதானத்தில் மற்றவர்கள் இதை ஒற்றைக்கால் ஸ்டாண்டில் வைத்துத்தான் எடுப்பார்கள். அண்ணன் கையில் வைத்தே எடுப்பான். அதனால் அவனுக்கு ‘ஸ்டாண்டு’ என்று பேர். ஸ்டாண்டு வந்துட்டாரா என்று கேட்டுத்தான் வீட்டுக்கே போன் வரும்.

இப்போதெல்லாம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேலையை ஆரம்பித்தாள்.

எதிர்ச்சுவரில் செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கங்கள் ஒட்டியிருக்கும். நடுவில் ஒன்று, நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று. பொடி எழுத்துக்காகத்தான் அந்தப் பக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மஞ்சளாகிவிட்டால் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டுவாள். கேமராவை முக்காலியில் பூட்டினாள். கை படாமல் இருக்க நீண்ட ஒயரில் பொத்தான். மெதுவான கறுப்புவெள்ளைப் பிலிம், முப்பத்தாறு படம்.

முதல் பன்னிரண்டு ஆட்டோஃபோகஸில். எண்பது, நூற்று முப்பத்தைந்து, இருநூறு. ஒவ்வொன்றிலும் திறப்பு 2.8, 4, 5.6, 8. அடுத்த பன்னிரண்டு அதே வரிசையில், ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பி. கடைசிப் பன்னிரண்டுக்கு மேஜைமேல் ஏழு தீப்பெட்டிகளைச் சாய்வாக வரிசை வைத்தாள். நடுப்பெட்டியில் ஃபோகஸ். ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கலைத்துவிட்டு மறுபடி கேமராவையே தேட விட்டாள். மோட்டார் கர்ரென்று ஓடி, சட்டென்று நிற்கும். லென்ஸ் ஏமாற்றுகிறதென்றால் நடுப்பெட்டி மங்கி, முன்பெட்டியோ பின்பெட்டியோ தெளிவாக விழும்.

ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு வரி. எண், நீளம், திறப்பு, வேகம், தாங்கல். கேமராவைத் தாங்கியது எது என்பதற்கான தாங்கல் பத்தியில் எல்லா வரியிலும் முக்காலி.

வியாழன் காலை பிலிமைக் கழுவி உலர்த்தி, லைட் பாக்ஸில் வைத்துப் பூதக்கண்ணாடியால் குனிந்தாள்.

இவ்வளவு நல்ல லென்ஸை அவள் அதிகம் பார்த்ததில்லை. இருநூறில், 2.8-இல், மூலையில் இருந்த தொலைபேசி எண் ஒவ்வொரு இலக்கமாக நின்றது. நடுத் தீப்பெட்டியின் பக்கவாட்டில் உரசும் மருந்தின் சொரசொரப்புத் தெரிந்தது. பன்னிரண்டிலும் தெரிந்தது. கேமரா ஒருமுறைகூடத் தவறவில்லை.

ஆக, மங்கல் வேறெங்கோ இருந்தது.

கடையில் ஒரு விதி உண்டு. குறை சொல்லி வருகிறவர்கள் பழைய நெகட்டிவ்களையும் கொண்டுவர வேண்டும். கெட்டதை மட்டுமல்ல, நல்லதையும். அண்ணன் பையில் ஒரு கோப்பு வைத்திருந்தான். லென்ஸ் வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கும் மேலான படங்கள், உறைகளில். அவள் மேலே இருந்த புதியவற்றை எடுத்தாள். எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் நடந்த ஆட்டங்கள். ஆட்டக்காரர்களின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பின்னால், உயரத்தில், விளக்குக் கம்பங்களைப் பார்த்தாள்.

ஃபோகஸ் தவறினால் ஒரு விளக்கு வட்டமாகப் பரவும். நெகட்டிவில் அது ஊதிய கறுப்புப் பொட்டு. இங்கே பொட்டு இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் வால் முளைத்திருந்தது. சின்னக் கோடு. இடது கீழிருந்து வலது மேலே ஏறி, நுனியில் கொக்கிபோல மடங்கியது. நாற்பது விளக்கிலும் ஒரே வால். அடுத்த சுருளிலும் அதே வால்.

லென்ஸ் தவறவில்லை. பிடித்த கை அசைந்திருக்கிறது.

அவள் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு லைட் பாக்ஸை அணைத்தாள். ஆச்சரியமாக இல்லை. கோபம்தான் வந்தது, பழைய கோபம், எடுத்துவைத்த இடத்திலிருந்து அப்படியே.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு மாலை. அண்ணன் ஆட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் நீட்டிய டீ கிளாஸ் அவன் கையிலிருந்து நழுவி உடைந்தது. குனிந்து பொறுக்கியபோது அவனிடம் சாராய வாடை. முதல் முறை அல்ல. ஒரு வருடமாக வாடை வந்த நாளையெல்லாம் அவள் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்து வந்தாள். என்றைக்காவது அவன் இல்லையென்று சொன்னால் காட்டுவதற்கு. அன்று அவன் இல்லையென்று சொல்லவில்லை. அவள் சொன்னாள், “ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.” அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

அதன்பிறகு வீட்டில் பேச்சு சுருங்கியது. அவன் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவதை விட்டான். அவளுக்கு வயது நாற்பத்தாறு. அதுவரை விடாமல் கூப்பிட்டவன். அவளும் அண்ணா என்பதை விட்டாள். முன்பெல்லாம் மேஜையில் துண்டுச்சீட்டு எழுதி வைப்பான், முட்டை தீர்ந்துவிட்டது, குழாய்க்காரன் வருவான் என்று. அதுவும் நின்றது. முட்டை தீர்ந்தால் காலி அட்டைப்பெட்டியை மேஜை நடுவில் வைத்துவிட்டுப் போவான். எழுதக்கூட மனமில்லாத திமிர் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள் சமைத்ததையும் அவன் தொடுவதில்லை. ரொட்டியும் அவித்த முட்டையும்தான். அதையும் அவள் வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுவான்.

கல்யாணமாகி நான்கே வருடத்தில் அவள் பெட்டியோடு திரும்பி வந்தபோது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் தன் அறையைக் கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு மாறியவன். அதை நினைத்தால் கோபம் குறைய வேண்டும். அவளுக்குக் கூடியது.

வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனபோது அவன் மேஜையில் இருந்தான். கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. மழை வரும்போல் காற்று. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“லென்ஸ்ல ஒரு குறையும் இல்ல.”

அவன் இரண்டு கைகளையும் மேஜைக்குக் கீழே வைத்திருந்தான். “நல்லா பாத்தியா?”

“முப்பத்தாறு படம். எல்லாம் கத்தி மாதிரி இருக்கு. உன் நெகட்டிவையும் பாத்தேன். விளக்கெல்லாம் வால் வாலா இழுத்துக்கிட்டு நிக்குது. அது லென்ஸ் பண்ற வேலை இல்ல. கை பண்ற வேலை.”

“சரி.”

“என்ன சரி? நிறுத்திட்டேன்னு காட்டத்தானே வீட்ல பாட்டில் ஒண்ணும் கண்ணுல படாம வச்சிருக்கே? வெளியில குடிச்சா எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வேணா தெரியாம இருக்கலாம். பிலிம்ல விழுந்துடும்.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவள் கத்தவில்லை, அவனும் கத்தவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ துணி எடுக்க ஓடினார்கள்.

“தேதி பாத்தியா?” என்றான்.

“என்ன தேதி?”

“உறை மேல தேதி இருக்கும். அதைப் பாரு.”

எழுந்து தட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனான். தட்டில் முட்டை உரித்தும் உரிக்காமலும் கிடந்தது. ஓட்டின் சின்னச் சின்னச் சில்லுகள் மேஜையெங்கும் சிதறியிருந்தன. ஒரு முட்டைக்கு அவ்வளவு சில்லு அதிகம். அதை அவள் துடைத்தபோது கவனித்தாள். கவனித்ததோடு சரி.

வெள்ளி காலை கிளம்பும்போது, கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த போன வருடக் காலண்டரையும், சுவரிலிருந்த இந்த வருடத்ததையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். எதற்கென்று சரியாகத் தெரியவில்லை. தேதி என்றதும் அவளிடம் இருந்த தேதிகள் அவைதான்.

பின்னறையில் உறைகளை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினாள். முதல் ஒன்றரை வருடத்து உறைகளில் தேதி அண்ணன் கையெழுத்தில் இருந்தது. கடைசி எட்டு மாதத்தில் ரப்பர் முத்திரை. நடுவில் சில உறைகளில் கையெழுத்து முட்டி மோதி, கோட்டிலிருந்து இறங்கியிருந்தது.

அவள் வைத்த புள்ளிகள் பதினொன்று. அவற்றில் ஏழு, ஆட்டம் நடந்த நாட்கள். அந்த ஏழு உறைகளையும் தனியே எடுத்தாள். வால் எங்கே நீளமாக இருக்கும் என்று பார்க்கத்தான் எடுத்தாள்.

முதல் உறை. விளக்குகள் ஊசிமுனை.

இரண்டாவது உறை. ஊசிமுனை. கோல் கம்பத்தின் வலையில் முடிச்சு முடிச்சாக எண்ணலாம்.

ஏழும் அப்படியே. கிளாஸ் உடைந்த அன்றைய உறை ஏழாவது. அதுதான் எல்லாவற்றையும்விடச் சுத்தம்.

புள்ளி இல்லாத நாட்களை எடுத்தாள். வாடை வராத நாட்கள், அவள் நிம்மதியாகத் தூங்கிய நாட்கள். அவற்றில் சின்னதாக வால். அந்த மாலைக்குப் பிறகு புள்ளியே இல்லை, வால் இல்லாத விளக்கும் இல்லை. மாதத்துக்கு மாதம் வால் கொஞ்சம் நீண்டுகொண்டே வந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தாள். அளந்துகொண்டே இருந்தாள். அளப்பதை நிறுத்தினால் வேறு எதையாவது யோசிக்க வேண்டியிருக்கும்.

குடித்த கை அசையாமல் நின்றிருக்கிறது. குடிக்காத கைதான் நடுங்கியிருக்கிறது.

முன்பக்கம் முதலாளி யாருக்கோ ஃபிளாஷ் விளக்கிக்கொண்டிருந்தார். பளிச் பளிச்சென்று வெளிச்சம் கதவிடுக்கில் வந்து போனது. அவளுக்குக் காலி முட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. கண்ணாடி இல்லையென்று முதலாளியை எழுதச் சொன்ன சீட்டு. ரொட்டி, சிந்தாத சாப்பாடு. மேஜைக்குக் கீழே கைகள். ஒன்பது வருடமாக எவனெவன் லென்ஸிலோ கண்ணுக்குத் தெரியாத கீறலையெல்லாம் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

மத்தியானம் அண்ணன் வந்தான். இந்த முறை நேராகப் பின்னறைக்கு வந்து, வாசலில் நின்றான். அவள் மேஜையில் காலண்டரைப் பார்த்தான். புள்ளிகளையும் பார்த்தான்.

“இதெல்லாம் வேற எழுதி வச்சியா?”

“உக்காரு.”

உட்கார்ந்தான். கையை மறைக்கவில்லை. வலது கை தொடைமேல் கிடந்து தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். பிறகு பார்த்தாள்.

அவன் கேட்காமலே சொன்னான். நடுக்கம் மூன்று வருடமாக இருக்கிறதாம். முதலில் எழுதும்போது மட்டும். ஒரு விருந்தில் யாரோ கொடுத்ததைக் குடித்தபோது கை அடங்கியது, தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு வாய் குடித்தால் கால் மணியில் கை அடங்கும், பிறகு ஒன்றரை மணி நேரம் தாங்கும், ஆட்டம் முடிகிறவரைக்கும். பிறகு ஒரு வாய் போதவில்லை. கடைசியில் எவ்வளவு என்று அவன் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு தரம் போய்த் திரும்பினானாம்.

“எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“குடிகாரன்னா திட்டுவே. நிறுத்தினா சரியாயிடுவான்னு காத்திருப்பே. ஆஃபீஸ்லயும் அப்படித்தான் காத்திருந்தாங்க.” கையைப் பார்த்துச் சொன்னான். “இதுக்கு யாரு காத்திருப்பா?”

“நான் சொன்னேன்னா நிறுத்தினே?”

“வேற யாரு சொன்னா?”

அவள் மேஜையிலிருந்த தாளை எடுத்தாள். காலையிலேயே எழுதியிருந்தாள். லென்ஸில் குறை இல்லை என்பது முதல் வரி. இரண்டாவது வரி, இந்த லென்ஸின் கனத்தால் கையில் வைத்து எடுப்பது உகந்ததல்ல, ஒற்றைக்கால் ஸ்டாண்டு அவசியம். அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. வாங்கினால் தாள் படபடக்கும். மேஜைமேல் வைக்கச் சொல்லிக் குனிந்து படித்தான்.

“ரெண்டாவது வரியை அடிச்சிடு.”

“பொய் இல்லையே. எல்லாரும் ஸ்டாண்டு போட்டுத்தானே எடுக்கறாங்க.”

“பதினெட்டு மாசம் நான் போடாமத்தானே நல்லா எடுத்தேன். என் கையைக் கொண்டுபோய் லென்ஸ் தலையில எழுதாதே. அது நல்ல லென்ஸ்.” தாளை விரலால் அவள் பக்கம் தள்ளி, “தலைவர்கிட்ட நாளைக்கு நானே சொல்லிக்கறேன்,” என்றான்.

“போட்டி?”

“வேற ஆள் போவான். லென்ஸை வேணா குடுத்தனுப்பலாம். போயிட்டு வரட்டும்.”

அவள் இரண்டாவது வரியை அடித்தாள். அடித்த தாளில் கையெழுத்துப் போடுவது வழக்கமில்லை. புதிய தாளில் ஒரே வரியாக எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

“திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம்,” என்றாள்.

“போறோமா?”

“போறோம்.”

அவன் எழுந்தான். பையை எடுக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விளம்பரங்களைப் பார்த்தபடி நின்றான்.

“வாடிக்கையாளர் ஒத்துக்கலைன்னா ரெண்டாவது ரோல் போடுவீங்களாமே. முதலாளி சொன்னாரு.”

“ஒத்துக்கலையா நீ?”

“ஒத்துக்கிட்டேன். சும்மா போடு.”

ஒன்பது வருடத்தில் மூன்று முறைதான் இரண்டாவது ரோல் போட்டிருக்கிறாள். புதிய பிலிமைப் போட்டாள். முதல் பன்னிரண்டு அவளே கையில் வைத்து எடுத்தாள். அடுத்த பன்னிரண்டு அவன். அவள் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதினாள். எண், நீளம், திறப்பு, வேகம். தாங்கல் என்ற இடத்தில், கை, கை, கை. கண்ணை அவன் பக்கம் திருப்பாமல் எழுதினாள். பொத்தானை அழுத்துவதற்கு முன் அவன் மூச்சை இழுப்பதும், பிடிப்பதும், விடுவதும் கேட்டது. இருபத்துநான்காவதில் கேமராவைக் கீழே இறக்கினான். நெற்றி வியர்த்திருந்தது.

“முக்காலி கொண்டு வரட்டுமா?”

“வேணாம்.”

அவளுக்கு என்ன தோன்றியதோ, நோட்டை மேஜையில் வைத்துவிட்டு அவனுக்கு முன்னால் வந்து, சுவரைப் பார்த்து நின்றாள். அவனுக்கு அவள் ஒரு தலை குட்டை. அவன் கேமராவை மறுபடி தூக்கினான். பிறகு லென்ஸை அவள் வலது தோளில் வைத்தான்.

கனமாக இருந்தது. காதருகில் மோட்டார் ஓடி நின்றது. இரண்டு நாளாகப் பூதக்கண்ணாடியில் மில்லிமீட்டரில் அளந்தது இப்போது தோள் எலும்பில் இறங்கியது. சின்ன நடுக்கம், நிற்காமல், ஒரே சீராக. தோளைக் கொஞ்சம் உயர்த்தி அதற்குக் கீழே அழுத்தமாகக் கொடுத்தாள்.

“மூச்சைப் புடி, பாப்பா.”

பிடித்தாள். ஷட்டர் அடித்தது.

எதிரே அவளே ஒட்டிய பக்கம். எழுத்துகளின் விளிம்பைத் தவிர வேறெதையும் அதில் அவள் இதுவரை பார்த்ததில்லை. வீடு வாடகைக்கு, இரண்டு அறை. தையல் இயந்திரம், குறைவாக உபயோகித்தது. காணவில்லை, பழுப்பு நிற நாய், வலது காது மடங்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு ஷட்டர்.

முப்பத்தாறாவது அடித்ததும் கேமரா தானாகவே பிலிமைப் பின்னுக்குச் சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தம் தோளிலிருந்து பல்வரைக்கும் அதிர்ந்தது. அது ஓடுகிறவரைக்கும் நடுக்கம் எது, மோட்டார் எது என்று தெரியவில்லை. அவன் லென்ஸை எடுக்கவில்லை. சுற்றி முடித்து நின்ற பிறகும் எடுக்கவில்லை. அவளும் நகரவில்லை.

நின்ற இடத்திலிருந்தே இடது கையை நீட்டி மேஜையிலிருந்த நோட்டை இழுத்தாள். கடைசிப் பன்னிரண்டு வரிகளும் காலியாக இருந்தன. பென்சிலை இடது கையில் பிடித்து, தாங்கல் என்ற இடத்தில், கோணல்மாணலாக, தோள் என்று எழுதினாள். அதற்குக் கீழே பதினொரு முறை அதே என்று குறி போட்டாள்.